ஒன்பது சாக்... ஒன்பது சாக்கு!

சிகாகோவுக்குப் போகிற நம்மவர்கள் விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்ப்பார்கள், உயரமான கட்டடத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அல்லது மகளின் பிரசவத்துக்கு ரசப்பொடியோடு போய் இறங்குவார்கள். என்னை அனுப்பியது என் அக்கா.

"டேய், அவன் போன்ல சரியாவே பேச மாட்டேங்கறான். ஆபீஸ்ல மூணு மாசம் டயம் குடுத்திருக்காங்களாம். அதுக்குள்ள தேறலைன்னா வேலை போயிடுமாம். தப்பு இவன் மேலயா, ஆபீஸ் மேலயான்னு நீ நேர்ல பார்த்துட்டு வந்து சொல்லு."

அவன் என்பது அக்கா மகன். வயசு 24. வேலை போனால் அமெரிக்க விசாக் கணக்கில் 60 நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்கவில்லையென்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். கட்டின கடனோ இன்னும் அக்காவின் வீட்டுப் பத்திரத்தோடு பாங்க்கில் தூங்குகிறது.

எனக்கு நேரில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரே ஆபீஸில் 26 வருஷம் குப்பை கொட்டியவன் நான். புதிதாக வந்த பையன் சொதப்பினால் தப்பு யார் மேல் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா, சீக்கிரம் கத்துக்கோ' என்று ஒரு பிரசங்கம் மட்டும் பாக்கி.

நேப்பர்வில்லில் அவன் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை அரோரா பாலாஜியைத் தரிசனம் பண்ணினோம். பிரசங்கத்தை ஆரம்பிக்க வாய் திறந்தபோதெல்லாம் பையன் சாமர்த்தியமாக எழுந்து காபி போடப் போனான். ஒரே நாளில் ஐந்து காபி. ராத்திரி தூக்கம் வரவில்லை.

"மாமா, நாளைக்கு உங்களை ஒரு மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஃபுட்பால்."

"டிக்கெட் எவ்வளவு?"

"சொல்றேன். ஆனா ரூபாய்ல பெருக்கக் கூடாது."

பெருக்கினேன். அதற்கப்புறம் சுத்தமாகத் தூக்கம் வரவில்லை.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. மாடி வைத்த ரயிலில் ஏறி சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம். "இரண்டு மைல்தான், நடக்கலாம்" என்றான். அமெரிக்காவில் நடப்பது என்பது வேண்டுதல் மாதிரி. யாரும் செய்வதில்லை. செய்தால் பலன் உண்டு.

ஆடம்ஸ் தெருவில் கிழக்கே நடந்தால் முதலில் வருவது பழைய சியர்ஸ் டவர். 2009-லிருந்து வில்லிஸ் டவர். 1,450 அடி. ஏறத்தாழ 25 வருஷம் உலகத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது. அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவர் நம் பக்கத்து ஆள், டாக்காவில் படித்த ஃபஸ்லுர் கான். ஒன்பது சதுரக் குழாய்களைக் கரும்புக் கட்டு மாதிரி சேர்த்து நிறுத்தினார். ஒற்றைக் குழாயாக இருந்தால் இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்காது. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.

தெருக் கோடியில், இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காவல் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். 1893 செப்டம்பர் 11 அன்று, 30 வயதுகூட நிரம்பி ஒரு வருஷம் ஆகாத விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். எதிரே உள்ள சாலைக்கு அவர் பெயரில் போர்டு இருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"மாமா, இவர் வரும்போது கையில அழைப்புக் கடிதம்கூட இல்லையாமே?"

இல்லைதான். மெட்ராஸில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளிக்கூட வாத்தியார் வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் பண்ணி அனுப்பிய பணத்தில் கப்பலேறினார். இங்கே வந்த பிறகு ஹார்வர்டு புரொபசர் ரைட் என்பவர் சிபாரிசுக் கடிதம் கொடுத்து உள்ளே நுழைய வழி செய்தார். இதைச் சொல்லிவிட்டு, "ஆனா மேடையில பேசினது அவர்தானே? அங்கதான்டா திறமை இருக்கு" என்று என் பிரசங்கத்தின் முதல் வரியை லேசாக நுழைத்தேன். பையன் வேகமாக நடக்க ஆரம்பித்தான்.

இடது கைப் பக்கம் மிச்சிகன் ஏரி. ஏரி என்று பெயர், அக்கரை தெரியாது. நம்ம மெரினாவில் அலையைக் கழித்துவிட்டு ஐஸ் போட்டால் எப்படியோ அப்படி. அங்கிருந்து வருகிற காற்று ஸ்வெட்டருக்குள் புகுந்து, பனியனைத் தாண்டி, பர்ஸ் வரை தொட்டுப் பார்த்தது. மனைவி கட்டிக் கொடுத்த குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போனவர் கரடித் தலையையே மாட்டிக்கொண்டு போனார்!

கரடிதான் இந்த ஊர் அணி. சிகாகோ பேர்ஸ். கருநீலமும் ஆரஞ்சும்.

மைதானத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் பெரிய திருவிழா. காரின் டிக்கியைத் திறந்து, அடுப்பு வைத்து, விதவிதமாக சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பையைத் தவிர வேறு பை அனுமதி இல்லையாம். என் மஞ்சள் பையில் புளியோதரை இருந்தது. விட்டுவிட்டுப் போக மனசு வருமா? சாஸேஜ் புகைக்கு நடுவே மாமனும் மருமானும் நின்றபடியே புளியோதரையை முடித்தோம். ஒரு தாடிக்காரர் வந்து மோந்து பார்த்தார். ஒரு வாய் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "இதைத்தான் எங்க டீமுக்குக் கொடுக்கணும்" என்றார்.

சோல்ஜர் ஃபீல்டு 1924-ல் திறந்த மைதானம். வெளியே கிரேக்கக் கோயில் மாதிரி வரிசையாகக் கல் தூண்கள். 2003-ல் அந்தத் தூண்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் இடித்து, கண்ணாடியும் இரும்புமாகப் புதுசாகக் கட்டினார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் பறக்கும் தட்டு இறங்கின மாதிரி இருக்கிறது. இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, 2006-ல் 'தேசிய வரலாற்றுச் சின்னம்' என்ற பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். 61,500 பேர் உட்காரலாம். அன்றைக்கு அத்தனை பேரும் கோபமாக உட்கார்ந்திருந்தார்கள்.

கோபத்துக்குக் காரணம் புரிய ஆட்டம் கொஞ்சம் புரிய வேண்டும். இந்த ஃபுட்பாலில் ஃபுட்டுக்கு வேலை ரொம்பக் குறைச்சல். பந்து உரிக்காத தேங்காய் சைஸ். பக்கத்துக்கு 11 பேர். நாலு வாய்ப்புக்குள் பந்தை 10 கஜம் முன்னால் கொண்டு போக வேண்டும். போனால் மறுபடி நாலு வாய்ப்பு. போகாவிட்டால் பந்து எதிராளிக்கு.

பந்தைக் கையில் வாங்கி, எறிவதா, பக்கத்து ஆளிடம் கொடுப்பதா, ஓடுவதா என்று முடிவு செய்கிற ஆசாமிக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். கபடியில் ரைடர் தனியாக எதிரி கோட்டுக்குள் போவான் இல்லையா? இங்கே தலைகீழ். நாலைந்து ரைடர்கள் ஒரே நேரத்தில் இவன் கோட்டுக்குள் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தடுக்க இவனுக்கு முன்னால் ஐந்து பேர், ஆளுக்கு 140 கிலோ, மதில் மாதிரி நிற்பார்கள். அந்த மதில் சுமார் இரண்டரை, மூன்று விநாடி தாங்கும். அதற்குள் யாருக்கு எறிவது என்று பார்த்து எறிய வேண்டும். எறிவதற்குள் பிடித்துச் சாய்த்துவிட்டால் அதன் பெயர் 'சாக்'. பேர் பொருத்தம்தான். அரிசி மூட்டையைச் சாய்க்கிற மாதிரிதான் சாய்க்கிறார்கள்.

"ஹெல்மெட்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு மாமா. கோச் வெளியில நின்னு அடுத்த ஆட்டம் என்னன்னு சொல்லுவார். ஆனா கடிகாரத்துல 15 செகண்ட் பாக்கி இருக்கும்போது லைன் தானா கட் ஆயிடும். அப்புறம் இவன் பாடு."

"நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே!" என்றேன். பையன் சிரிக்கவில்லை.

அன்றைய பேர்ஸ் குவார்ட்டர்பேக், கேலப் வில்லியம்ஸ். வயசு 22. அந்த வருஷம் கல்லூரியிலிருந்து வந்த அத்தனை பேரிலும் முதல் ஆளாகத் தேர்வானவன். எதிர் அணி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். அவர்களுடைய குவார்ட்டர்பேக் டிரேக் மே, அதே தேர்வில் மூன்றாவது. இரண்டாவதாக வந்த ஜெய்டன் டேனியல்ஸ் வாஷிங்டனுக்குப் போய் அங்கே கொடி நாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் கடைசிப் பந்தை வானத்தில் எறிந்து பேர்ஸைத் தோற்கடித்திருந்தான். ஆக, சிகாகோக்காரர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் ஷீட்டைப் பார்க்கிற வயிற்றெரிச்சல்.

ஆட்டம் ஆரம்பித்தது. வில்லியம்ஸ் பந்தை வாங்கினான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். மூட்டை சாய்ந்தது.

மறுபடி வாங்கினான். பார்த்தான். மூட்டை!

எனக்கு முன் வரிசையில் ஒரு அப்பாவும் மகனும். அப்பாவுக்கு 70 இருக்கும். மகனுக்கு என் வயசு. இருவரும் ஆட்டத்தைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியது அதிகம். அவர்கள் இங்கிலீஷில் கத்தியதைப் பையன் எனக்குத் தமிழில் கத்தினான்.

மகன்: "பந்தைக் கையில வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றான்? எறிஞ்சு தொலைய வேண்டியதுதானே!"

அப்பா: "எங்கேடா எறிவான்? ஓடறவன் எல்லாம் தூரமா ஓடிக்கிட்டிருக்கான். மூணு செகண்ட்ல விழற மதிலை வெச்சுக்கிட்டு அஞ்சு செகண்ட் ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்திருக்கான் கோச்!"

அவர் சொன்னதைப் பையன் விளக்கினான். திட்டம் என்பது ஒரு தடிமனான நோட்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவன் எத்தனை அடி ஓடி, எங்கே திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கும். பந்து பிடிக்கிறவன் திரும்புவதற்கு முன்னாலேயே குவார்ட்டர்பேக் எறிந்துவிட வேண்டும். அவன் திரும்பும்போது பந்து மூக்குக்கு நேரே இருக்கும். இவன் நேரத்துக்கு எறியவில்லை என்றால் ஆட்டம் கெட்டது. அவன் நேரத்துக்குத் திரும்பவில்லை என்றாலும் கெட்டது. மதில் நேரத்துக்கு நிற்கவில்லை என்றால் இரண்டுமே தேவையில்லை. மேலே உட்கார்ந்து பார்க்கிற நமக்குத் தெரிவதெல்லாம் ஒன்றே ஒன்று: பையன் பந்தோடு கீழே கிடக்கிறான்.

அன்று மதிலில் வழக்கமாக நிற்கிற ஆட்கள் சிலர் காயத்தால் வெளியே இருந்தார்கள். இதுவும் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது தெரிந்தது குளிர் ஒன்றுதான்.

இடைவேளையில் பெரியவர் என் குல்லாயைப் பார்த்துச் சிநேகமானார். இந்தியாவிலிருந்து வந்து பேர்ஸ் ஆட்டம் பார்க்கிற ஆளா என்று அனுதாபப்பட்டார். பிறகு தன் ஊரின் சோகக் கதையை ஆரம்பித்தார். நம்மூர்ப் பெரியவர்கள் ஜமீன் போன கதையைச் சொல்வார்களே, அந்த ராகம்.

1939-ல் சிட் லக்மன் என்று ஒருவர் வந்தார். கல்லூரியில் அவர் ஆடிய முறை வேறு. ஜார்ஜ் ஹாலாஸ் என்ற கோச் புதிய முறையை அவருக்குக் கற்றுக் கொடுத்தார். அடுத்த வருஷமே இறுதிப் போட்டியில் வாஷிங்டனை 73-0 என்று துவைத்துக் காயப்போட்டார்கள். இன்றுவரை அந்த மாதிரி அடி யாரும் வாங்கவில்லை. "திட்டமும் சரி, ஆளும் சரி, சொல்லிக் குடுத்தவரும் சரி. அதோட சரி!" என்றார். 32 அணிகளில் ஒரே பருவத்தில் 4,000 கஜம் எறிந்த குவார்ட்டர்பேக் ஒருவர்கூட இல்லாத அணி பேர்ஸ் மட்டும்தானாம்.

2017-ல் மிட்ச் ட்ரபிஸ்கியை இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். அவருக்கு எட்டு இடம் பின்னால் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். கான்சஸ் சிட்டியில் ஆண்டி ரீட் என்ற கோச் மஹோம்ஸை ஒரு வருஷம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த வருஷம் அவன் 50 டச்டவுன் எறிந்தான். அதே ஆண்டி ரீட்டிடம் தொழில் கற்ற மேட் நாகி சிகாகோவுக்குக் கோச்சாக வந்தார். முதல் வருஷம் 12 வெற்றி. பிறகு சரிவு.

"பார்த்தியா? ஒரே சமையல் குறிப்பு. அங்கே பாயசம், இங்கே கஞ்சி! அப்போ ஆள்தானே காரணம்?" என்றான் மகன்.

"அவனை மட்டும் ஏன்டா ஒரு வருஷம் உட்கார வெச்சாங்க?" என்றார் அப்பா.

2021-ல் அடுத்த பையன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். முதல் தடவை ஆரம்பத்திலிருந்து ஆட இறக்கியது கிளீவ்லேண்டில். அன்றைக்கு ஒன்பது சாக். எறிந்து சேர்த்த கஜத்தில் விழுந்து இழந்ததைக் கழித்தால் மிச்சம் ஒரே ஒரு கஜம்! ஒரு புடவைக்குக்கூடத் தேறாது. 2023-ல் அதே ஃபீல்ட்ஸ், 'நான் மெஷின் மாதிரி ஆடுகிறேன், காரணம் கோச்சிங்காக இருக்கலாம்' என்கிற அர்த்தத்தில் நிருபர்களிடம் சொல்லிவிட்டான். ஊரே இரண்டாகப் பிரிந்தது. அன்றே அவசரமாக, 'நான் யார் மேலும் பழி போடவில்லை' என்றும் சொன்னான். பருவம் முடிந்ததும் திட்டம் போட்டவரை அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பையனையும் அனுப்பினார்கள். அந்த இடத்துக்கு வந்தவன்தான் இப்போது எங்கள் எதிரில் மூட்டையாக விழுந்துகொண்டிருந்தான்.

பேர்ஸ் புள்ளி எடுத்தால் மைதானத்தில் ஒரு பாட்டுப் போடுவார்களாம். 1941-லிருந்து இருக்கிற பாட்டு. அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு அதிக வேலை இல்லை. ஆட்டம் முடிந்தபோது 19-3. வில்லியம்ஸ் 30 தடவை எறிந்து 120 கஜம்தான் சேர்த்தான். சாக் எத்தனை தெரியுமா? ஒன்பது!

அறுபதாயிரம் பேர் ஒரே குரலில் "பூ..." என்று ஊளையிட்டதை அன்றுதான் கேட்டேன். 22 வயசுப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தச் சத்தத்துக்கு நடுவே உள்ளே போனான். நானும் சேர்ந்து ஊளையிட வாயைத் திறந்தேன். பக்கத்தில் அக்கா மகன் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, அந்தப் பையன் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில் மாடியில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிரசங்கத்துக்கு உகந்த நேரம்தான். ஆனால் என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"ஏம்பா, ஆபீஸ்ல உனக்கு முன்னால யார் நிக்கறா?"

"புரியலை மாமா."

"அந்த 140 கிலோ ஆளுங்க. உனக்கு யாரு?"

பையன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் சேர்ந்த வாரத்தில் அந்த வேலையை நாலு வருஷமாகப் பார்த்துவந்தவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். எழுதி வைத்துவிட்டுப் போனது ஒன்றரைப் பக்கம். காலை மீட்டிங்கில் ஒரு திட்டம், சாயந்திரம் வேறு. கேட்டால், 'நீயே கண்டுபிடி, அதற்குத்தானே சம்பளம்' என்று பதில். பதினைந்து செகண்டில் லைன் கட்.

நான் ஆபீஸ் மேல் கோபப்பட ஆரம்பித்தேன். அப்போது அவனே நிறுத்தினான்.

"இல்ல மாமா. என் மேலயும் இருக்கு. ஒரு பிரச்சினை வந்தா மூணு நாள் யார்கிட்டயும் சொல்லாம நானே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கேட்டா மட்டமா நினைப்பாங்கன்னு பயம். அவன் பந்தைக் கையிலயே வெச்சிருந்தான்ல... அதான் நானும்."

அக்கா கேட்ட கேள்விக்கு அந்த ரயிலில் பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். கேள்விதான் பெரிசாயிற்று.

நான் ஊர் திரும்பிய பிறகும் பேர்ஸ் என்னை விடவில்லை. சிகாகோவில் நடப்பதை அக்கா மகன் வாராவாரம் போனில் ஒப்பித்தான். தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சம். பேர்ஸைப் பற்றிச் சொன்னால் எனக்குப் புரியும் என்று கண்டுபிடித்துவிட்டான்.

நாங்கள் பார்த்த ஆட்டம் முடிந்து இரண்டாம் நாள், தாக்குதல் திட்டம் போட்ட ஷேன் வால்ட்ரனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் இடத்தில் தாமஸ் பிரவுன். நோட்டில் சின்னச் சின்ன, சட்டென்று எறிகிற ஆட்டங்கள் அதிகமாயின. ஆள் அதே ஆள்தான். மூன்று வாரம் நன்றாகவே ஆடினான். ஆனாலும் மூன்றிலும் மயிரிழையில் தோல்வி. மூன்றாவது, டெட்ராய்ட்டில் நன்றி கூறும் நாள் ஆட்டம். கையில் ஒரு டைம்-அவுட் இருந்தும் அதைக் கேட்காமல் கடிகாரத்தை ஓடவிட்டுத் தோற்றார்கள். மறுநாள் தலைமைக் கோச் மேட் எபர்ஃப்ளூஸுக்கும் வேலை போயிற்று. பருவத்தின் நடுவில் தலைமைக் கோச்சை நீக்கியது பேர்ஸ் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. பிரவுனைத் தலைமை நாற்காலியில் உட்காரவைத்ததும் பழையபடி மூட்டை சாய ஆரம்பித்தது. தொடர்ந்து பத்துத் தோல்வி. பருவம் முடிந்தபோது 5 வெற்றி, 12 தோல்வி, 68 சாக். லீகிலேயே அதிகம்.

எங்கள் கண் முன்னால் ஜெயித்த பேட்ரியட்ஸும் 4 வெற்றியோடுதான் முடித்தது. அவர்களுடைய கோச் ஜெராட் மேயோவையும் 2025 ஜனவரி 5 அன்று நீக்கினார்கள். நான் பார்த்த ஒரே ஒரு ஆட்டம். அதில் நின்ற இரண்டு தலைமைக் கோச்சுகளுக்கும் இரண்டு மாதத்துக்குள் வேலை இல்லை! என் ராசி அப்படி என்று மனைவி சொன்னாள்.

அடுத்த வருஷம்தான் வேடிக்கை. பேர்ஸ், டெட்ராய்ட்டிலிருந்து பென் ஜான்சன் என்பவரைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள். திட்டம் போடுவதில் மன்னன். அதோடு நிற்காமல் மதிலின் நடுப்பகுதியையும் பிரித்துக் கட்டினார்கள். ஜோ தூனி, ட்ரூ டால்மன், ஜோனா ஜாக்சன் என்று மூன்று புதுக் கம்பங்கள். பந்து எறிகிறவன் மட்டும் அதே வில்லியம்ஸ்.

2025 பருவத்தில் 11 வெற்றி, 6 தோல்வி. 2018-க்குப் பிறகு முதல் தடவையாகப் பிரிவில் முதலிடம். முந்தைய வருஷம் 68 தடவை விழுந்தவன் 24 தடவைதான் விழுந்தான். 3,942 கஜம் எறிந்து, 1995-லிருந்து இருந்த பேர்ஸ் ரெக்கார்டை முறியடித்தான். ஆனாலும் 4,000-க்கு 58 கஜம் பாக்கி! பெரியவர் எங்கோ உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருப்பார். டிரேக் மே கதையும் இதே மாதிரி. புதுக் கோச் மைக் வ்ரேபலிடம் 14 வெற்றி, சூப்பர் பவுல் வரை பயணம்.

"அப்போ திட்டம்தான் காரணம், பையன் பாவம்!" என்று நான் போனில் தீர்ப்புச் சொன்னேன்.

"அவசரப்படாதீங்க மாமா. ஃபீல்ட்ஸை மறந்துட்டீங்களே?"

ஆமாம், ஃபீல்ட்ஸ். சிகாகோவிலிருந்து பிட்ஸ்பர்க் போய், அங்கிருந்து நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனான். வேறு ஊர், வேறு கோச், வேறு மதில். 2025 அக்டோபரில் லண்டனில் டென்வரோடு ஆடினார்கள். எறிந்ததில் விழுந்ததைக் கழித்தால் கணக்கு மைனஸ் 10 கஜம். சாக் எத்தனை? சத்தியமாக ஒன்பது! அடுத்த மாதம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒருவனுக்கு நோட்டும் மதிலும் மாறின. அவன் எழுந்து நின்றான். இன்னொருவனுக்கும் எல்லாம் மாறின. அவன் அதே மாதிரி விழுந்தான். ஆனால் 2024 நவம்பர் 10 அன்று, விழுந்து கிடந்த பையனை மேலேயிருந்து பார்த்த எங்களில் ஒருவருக்காவது இவன் எந்த ரகம் என்று சொல்லத் தெரிந்திருக்குமா? அப்பாவுக்கும் தெரியாது. மகனுக்கும் தெரியாது. நான் சென்னையிலேயே தீர்ப்பு எழுதி எடுத்துக்கொண்டு போனவன். என் யோக்கியதையைச் சொல்லவே வேண்டாம். ஒன்றை மாற்றிப் பார்க்காமல் இன்னொன்றின் மேல் பழி போடுவதற்குப் பெயர் காரணம் இல்லை, சாக்கு.

ஆபீஸில் 26 வருஷத்தில் நான் எத்தனை பேரைப் பற்றி 'திருப்தி இல்லை' என்று எழுதியிருப்பேன்? ராத்திரி படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுக்கு மேல் போயிற்று. எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா மகன் கதை? அந்த ரயில் பேச்சுக்கு மறுவாரம், அவனாகவே போய் மேலே இருப்பவரிடம் எழுத்தில் இரண்டு விஷயம் கேட்டான். பழைய ஆள் விட்டுப்போன வேலையைத் தெரிந்த ஒருவரோடு தினம் அரை மணி நேரம். சாயந்திரம் திட்டம் மாறினால் அதற்கு ஒரு மெயில். முதலாவது கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. தன் பங்குக்கு அவன் ஒரு விதி வைத்துக்கொண்டான்: எந்தச் சிக்கலையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பதில்லை. மூன்று மாதக் கெடு இன்னும் இரண்டு மாதம் நீண்டது. பிறகு வேறு டீமுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தெலுங்குக்கார அம்மாள், அவனுடைய பென் ஜான்சன், தன் தவறுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம். சேர்ந்த முதல் நாளே அந்த நோட்டை அவனிடம் கொடுத்துவிட்டாராம். இன்னமும் சொதப்புகிறான். ஆனால் போனில் பேசுகிறான்.

2026 ஜனவரியில் ஒரு நாள் காலை போன். எடுத்தவுடன் ஒரே கத்தல். கிரீன் பே பேக்கர்ஸோடு பிளே-ஆஃப் ஆட்டம். இடைவேளையில் 21-3 என்று பின்னால் இருந்த பேர்ஸ் கடைசிக் கால் பாகத்தில் பொங்கி எழுந்து 31-27 என்று ஜெயித்துவிட்டது. அந்தப் பாட்டு இந்தத் தடவை ஓய்வே இல்லாமல் கேட்டதாம். அடுத்த வாரம் ராம்ஸிடம் கூடுதல் நேரத்தில் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். வில்லியம்ஸ் எறிந்த ஒரு பந்தை எதிராளி பிடித்ததுதான் வினையாயிற்று.

"அது கோச் தப்பா, இவன் தப்பா?" என்று கேட்டேன்.

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா" என்று சிரித்தான்.

அக்காதான் விடுவதாக இல்லை. போன வாரம் வீட்டுக்கு வந்தவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏன்டா, தப்பு இவன் மேலயா, ஆபீஸ் மேலயான்னு பார்த்துட்டு வரத்தானே உன்னை அனுப்பினேன்? ஒண்ணரை வருஷமா கரடி கதையே சொல்லிட்டிருக்கே. இதெல்லாம் ஒரு சாக்கா?"

"ஆமாங்க்கா" என்றேன். "இது பத்தாவது."